இடப்பக்கம் வந்த எண்ணெய்

எண்ணெய் குடித்த பத்திரிகையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் தெரியும். முன்பக்கத்தில் கப்பல் புறப்படும் அறிவிப்பு இருந்தால், அதன் வரிகளுக்கு நடுவே பின்பக்கத்து ரப்பர் விலை இடவலம் மாறி நிற்கும். அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் தலைகீழ் எழுத்தையும் இடவலம் மாறிய எழுத்தையும் என்னால் படிக்க முடியும். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அந்தத் திறமை இருக்க வேண்டிய அவசியமில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. சிங்கப்பூரில் நான் பிழை திருத்திக்கொண்டும் உள்ளூர்ச் செய்தி எழுதிக்கொண்டும் இருந்த அச்சகம் மூடப்பட்டது. நானும் மனைவியும் கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தோம். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். அவள் பிறந்து வளர்ந்த தோட்டம். அதன் முகப்பில் இருந்த மளிகைக் கடையின் பின்னறையில் குடியிருந்தோம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் விடிந்ததும் ஜொகூர் பாருவுக்குப் போவேன். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரும் தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகளை அங்கிருந்த ஏஜெண்டிடம் வாங்கிக்கொண்டு, வழியில் உள்ள தோட்டங்களில் கொடுத்தபடியே வந்து, கோத்தா திங்கியில் ஆற்றங்கரைக் கடைகளில் முடிப்பேன். இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது என் படிப்பு அல்ல. என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, அவ்வளவுதான்.

வேலை போனால் என்ன ஆகும் என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். குறைத்த ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பினார்கள். என் மனைவியின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் போனது. தகரப் பெட்டி ஒன்று, பாய்ச் சுருள் ஒன்று, அடைகாக்கும் கோழி ஒன்று. கோழியைக் கப்பலில் ஏற்றத் துறைமுகத்தில் விடவில்லை. அச்சகத்தில் இருந்தபோது இத்தகைய புறப்பாடுகளைப் பற்றி நானே ஆறு வரியில் செய்தி எழுதியிருக்கிறேன். அந்த ஆறு வரியில் கோழி வந்ததில்லை.

மோட்டார் சைக்கிள் முதல் உலக யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரை வேலை இழந்து சீமைக்குத் திரும்பியபோது விட்டுவிட்டுப் போன வண்டி. இடப்பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. நான் வாங்கும்போது அதன் சட்டம் மட்டுமே மிச்சம். அந்தச் சட்டத்தின் மேல் பலகையால் ஒரு பெட்டி அடித்துக் கட்டுகளை வைத்தேன்.

அந்தக் காலத்து எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் டாங்கியிலேயே எண்ணெய்க்குத் தனியாக ஓர் அறை உண்டு. ஓட்டுகிறவன் அவ்வப்போது ஒரு கைப்பம்பை அழுத்துவான். எண்ணெய் எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் இறங்கும். உள்ளே போனது திரும்பி வராது. கொஞ்சம் எரிந்து புகையாகும், மிச்சம் எங்காவது வழியாக வெளியேறும். ஆகவே அந்த வண்டி ஒழுகுவது நோயில்லை. எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் வலப்பக்கம் ஒழுகியது. அங்கே பல்சக்கரங்களை மூடியிருக்கும் ஒரு மூடி உண்டு. அதன் பொருத்து வழியாக எண்ணெய் கசிந்து என் வலது காலணியை நனைத்தது. பத்திரிகைக்குப் பாதிப்பில்லை. ஆனால் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்தது. எண்ணெய் தீர்ந்தால் எஞ்சின் இறுகிப்போகும்.

தோட்டத்தில் எது ஒழுகினாலும் மருந்து ஒன்றுதான். கூரைத் தகரத்தில் ஓட்டை என்றால் ரப்பர்ப் பால், வாளியில் விரிசல் என்றால் ரப்பர்ப் பால், குடை கிழிந்தால், செருப்பு பிரிந்தால் அதே பால். துணியில் தோய்த்து ஒட்டிவிட்டால் மறுநாள் காய்ந்து தோல்போல ஆகிவிடும். எத்தனை மழைக்கும் அசையாது. பக்கத்து லயத்தில், தோட்ட வீட்டு வரிசையில், பால் வெட்டும் பெண்ணிடம் என் மனைவி ஒரு மங்குப் பால் வாங்கி வந்தாள். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். நான் மூடியைக் கழற்றினேன். அவள் பழைய பத்திரிகைத் தாளை மூடியின் வடிவத்துக்கு வெட்டி, பாலில் தோய்த்து எடுத்தாள். பொருத்தின் இரு பக்கமும் தாராளமாகப் பூசி, தாளை நடுவில் வைத்து மூடியை முடுக்கினேன். மறுநாள் வலப்பக்கம் உலர்ந்திருந்தது. ஒரு வாரம் போல உலர்ந்தே இருந்தது.

அதன் பிறகு இடப்பக்கம் தொடங்கியது.

இடப்பக்கத்தில் சங்கிலி ஓடுகிறது. அங்கே கசியும் எண்ணெய் கீழே சொட்டாது. சங்கிலி அதை வாரி எறியும். எறியும் திசையில் என் பலகைப் பெட்டி. முதல் நாள் ஒரு கட்டின் ஓரம் மட்டும் பழுப்பேறியது. அடுத்த நாள் பாதிக் கட்டு. பெட்டியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். பலகை இடுக்கு வழியாக வந்தது. சங்கிலிக்கும் பெட்டிக்கும் நடுவில் தகரம் அடித்தேன்; தகரம் ஆடி ஆடி ஆணி பிடுங்கிக்கொண்டு வழியில் எங்கோ விழுந்தது. எண்ணெய் குறைகிறதே என்று பயந்து பம்பை அடிக்கடி அழுத்தினேன். அழுத்தியதெல்லாம் பத்திரிகைக்குப் போனது.

கோத்தா திங்கியில் என் கடைசி நிறுத்தம் ஒரு முடிவெட்டும் கடை. அந்தக் கடைக்காரருக்குப் பத்திரிகையால் இரண்டு வேலை உண்டு. இன்றைய தாளை வாடிக்கையாளர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். நேற்றைய தாளில் சவரக்கத்தியின் நுரையை வழிப்பார். எண்ணெய்த் தாள் இரண்டுக்கும் உதவவில்லை. நுரை அதில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பேப்பர்காரரே, நாளையிலேருந்து செய்தி வேணாம். அப்பளம் மட்டும் கொண்டாங்க. பொரிக்கிற எண்ணெய்தான் இதுலயே இருக்கே."

நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். முகத்தில் கத்தி இருந்ததால் அளவாகச் சிரித்தார். கடைக்காரர் அதோடு நிற்கவில்லை. பஸ் ஓட்டுநரிடம் சொல்லி ஜொகூர் பாருவில் ஏஜெண்டின் காதுக்கு எட்டச் செய்துவிட்டார்.

ஏஜெண்ட் புத்தகமும் ஊதுவத்தியும் விற்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர். எப்போதும் வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. சனிக்கிழமை காலை கட்டுகளை எடுத்து வைத்தபோது என்னை நிறுத்தினார்.

"தம்பி, நான் கொற சொல்லல. பஸ்காரன் லேட்டா வருவான், தோட்டத்துக்குள்ள போகமாட்டான், எல்லாம் தெரியும்லா. ஆனா அவன் கொண்டுபோற பேப்பரு காஞ்சிருக்கும். திங்கக்கெழம பாக்குறேன். செவ்வாய்க்கெழம கட்ட எடுக்குறது யாருன்னு அப்பறம் சொல்றேன்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே ஜொகூர் பாருவில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கும் ஒரு சீனர் கடையில் வண்டியை நிறுத்தினேன். அவர் சங்கிலிச் சக்கரத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கொஞ்சம் ஆடியது. அச்சு சுழலும் குழல் தேய்ந்துவிட்டது, எண்ணெய் அந்த வழியாகத்தான் வருகிறது, குழல் சீமையிலிருந்து வர வேண்டும், இத்தனை பழைய வண்டிக்கு இப்போது செய்கிறார்களோ என்னவோ என்றார். மலாயில் பேசினார், ஒவ்வொரு வாக்கியமும் 'தாக் அடா', இல்லை, என்று முடிந்தது. வேண்டுமானால் பழைய இரும்பாக எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை.

கட்டுகளை அன்று எப்படியோ கொடுத்து முடித்து வீட்டுக்கு வந்தேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏஜெண்ட் சொன்னதையும் சீனர் சொன்னதையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் ஊருக்குத் திரும்பிப் போனாங்க, சரி. அவங்க அங்க பொறந்தவங்க. நான் எந்த ஊருக்குத் திரும்பிப் போறது?"

பெட்டிக்குள்ளிருந்து அன்றைக்கு விற்காமல் திரும்பி வந்த பத்திரிகைகளை எடுத்து ஓர் அடுக்காக மூலையில் வைத்தேன். அந்த மூலையில் ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்கு அடுக்கு இருந்தது. அறை முழுவதும் எஞ்சின் வாடை.

ஞாயிறு காலை மழை விட்டதும் வண்டியைக் கடையின் பின்தாழ்வாரத்துக்குத் தள்ளினோம். எனக்கு இயந்திரம் தெரியாது. பிழை திருத்தத் தெரியும். பிழை திருத்துகிறவன் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. ஒவ்வோர் எழுத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுவதும் கறுத்து, எங்கே பார்த்தாலும் எண்ணெயாக இருந்தது. எது ஊற்று, எது ஓட்டம் என்று தெரியவில்லை. இருவருமாக மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தோம். கந்தலால் துடைத்து வெயிலில் உலர விட்டோம். உலர்ந்த பிறகும் இரும்பு கறுப்பு, எண்ணெயும் கறுப்பு. கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அவள் உள்ளே போய் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதிலிருந்த சுண்ணாம்பு போதவில்லை. மளிகைக் கடையில் இன்னும் ஓர் உருண்டை வாங்கித் தண்ணீரில் கரைத்து, கோழி இறகால் எஞ்சினின் இரு பக்கமும் பூசினாள். காய்ந்ததும் எஞ்சின் வெள்ளையடித்த சுவர்போல நின்றது. வெற்றிலை வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, வண்டிக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்டியைக் கிளப்பி, தோட்டத்து மண் பாதையில் மேட்டுவரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். இறங்கிக் குனிந்து பார்த்தோம். வலப்பக்கம் பூசிய மூடியின் பொருத்தில் கறுப்பு இல்லை. ஆனால் தேன் நிறத்தில் ஒரு பிசுக்கு நூலாகப் பிதுங்கியிருந்தது. இடப்பக்கம் அச்சு வெளியே வரும் இடத்தைச் சுற்றி முழு வட்டமாகச் சுண்ணாம்பு கறுத்திருந்தது. சீனர் சொன்ன இடமேதான்.

மனைவி அந்தக் கறுப்பைப் பார்க்கவில்லை. வலப்பக்கத்துத் தேன் நிறத்தை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தாள். நூலாக வந்தது.

"இது நம்ம பாலு," என்றாள். "இளகிப் போயிருச்சு."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரப்பர் ஷீட் போடும் கொட்டகையில் வேலை செய்தவள். ஷீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அதைத் தனியே தள்ளிவிடுவார்களாம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்தால் கங்காணி வைவாராம். எண்ணெய் ஆகாது என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும்; ஏன் என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் ஒழுகுவது எப்போதும் மழைத் தண்ணீர். எண்ணெய் ஒழுகும் பொருள் எதுவும் லயத்தில் இருந்ததில்லை. ஆகவே அத்தனை வருஷமாகப் பாலைப் பூசியவர்கள் யாருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. எங்களுக்கு வந்திருந்தது.

மூடியைக் கழற்றினேன். பத்திரிகைத் தாள் கூழாகியிருந்தது. நாங்கள் தாராளமாகப் பூசிய பால் எண்ணெயில் ஊதி இளகி, வெல்லப்பாகு போல உள்ளே வழிந்திருந்தது. வெளியே பிதுங்கியது கொஞ்சம். உள்ளே போனது நிறைய. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஒரு குச்சியால் தொட்டுக்கொண்டே போனேன். அது ஒரு சிறு துவாரத்தில் போய் முடிந்தது.

அந்தத் துவாரம் எஞ்சினின் மூச்சுக்குழாய். உள்ளே பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் அடிப்பெட்டியின் காற்று நெருக்கப்படும். நெருக்கப்பட்ட காற்று வெளியேற விரல் தடிமனில் ஒரு குழாய், அதன் வாயில் திறந்து மூடும் ஒரு சின்னத் தகட்டு வட்டம். குழாயின் நுனியில் வாய் வைத்து உறிஞ்சினேன். கன்னம் வலித்ததே தவிரக் காற்று வரவில்லை. மனைவியும் உறிஞ்சிப் பார்த்துத் தலையசைத்தாள். காற்று போக வழியில்லாமல், தேய்ந்த அச்சின் இடுக்கு வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. குழல் தேய்ந்தது உண்மைதான். ஆனால் அது நேற்றுத் தேய்ந்ததல்ல. பூசுவதற்கு முன்பும் அப்படியேதான் இருந்திருக்க வேண்டும். அப்போது இடப்பக்கம் உலர்ந்திருந்ததே.

இதை அவளிடம் சொல்லும்போதே என் குரல் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படவில்லை. நம்ப விரும்புகிறவன் எதையும் இப்படித்தான் கோவையாகச் சொல்வான்.

பாகை வழித்தெடுக்க மத்தியானம் முழுவதும் போனது. மண்ணெண்ணெயில் இன்னும் இளகியதே தவிர விடவில்லை. குடைக்கம்பியைக் கொக்கியாக வளைத்து இழுத்து இழுத்து எடுத்தோம். கடைசியில் தகட்டு வட்டம் வெளியே வந்தது. வந்தபோது இரண்டு துண்டாக வந்தது. அவற்றைக் கந்தலில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

அவள் என் கையிலிருந்து துண்டுகளை வாங்கி, சேர்த்து வைத்து, காலிப் பால் டின்னின் மூடியில் ஆணியால் கோடு கிழித்தாள். தையல் கத்தரியால் வெட்டினாள். முதல் வட்டம் பெரிதாகிவிட்டது. இரண்டாவதன் ஓரம் நெளிந்தது. மூன்றாவதை அம்மியில் தட்டி நேராக்கிக் கொடுத்தாள். அது குழாய்க்குள் விழுந்து உட்கார்ந்தது. உறிஞ்சினேன்; காற்று வந்தது, ஊதினால் நின்றது.

மூடிக்கு இந்தமுறை பால் இல்லை, பத்திரிகைத் தாளும் இல்லை. கட்டுகளைச் சுற்றி வரும் தடித்த பழுப்புத்தாளை வெட்டி, துணி துவைக்கும் சவுக்காரத்தைக் குழைத்து இரு பக்கமும் தடவி வைத்தோம். சவுக்காரத்தை எண்ணெய் கரைக்காது. அதை நான் எங்கும் படித்ததில்லை. அன்று காலையிலிருந்து எங்கள் கைகளைச் சவுக்காரத்தால் கழுவ முயன்று நாங்களே கண்டது, சவுக்காரம் எண்ணெயோடு போராடியதே தவிர இளகி ஓடவில்லை. அதை மட்டும் நம்பிச் செய்தோம். ஓட்டிப் பார்க்க வெளிச்சமும் இல்லை, வழியில் தண்ணீர் நின்றது.

திங்கள் காலை போகும்போது பெட்டி காலியாக இருந்தது. பலகையில் புதிதாக ஏதும் படவில்லை. ஆனால் போகும்போது பளு இல்லை. பளு ஏற்றி மேடு ஏறும்போதுதான் அது துப்பும்.

ஏஜெண்ட் கடை வாசலில் குடையோடு நின்றார். கட்டுகளை ஏற்றியதும், கோத்தா திங்கியில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, பெட்டிக்குள் காலை வைத்து ஏறிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார். சலவைக்குப் போய் வந்த வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. கைலியின் ஓரம் சங்கிலிக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. உறவுக்காரரைப் பற்றி அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அந்தச் சாலையை நான் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். அன்று பார்த்த எதுவும் நினைவில் இல்லை. கைலியின் ஓரம் மட்டும் நினைவிருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் நிறுத்திப் பத்திரிகை கொடுக்கும்போது அவர் எழுந்து வழிவிட்டு மறுபடி உட்காருவார். நான் எண்ணெய்ப் பம்பை அழுத்த வேண்டிய இடம் வந்தது. அழுத்தாவிட்டால் எஞ்சின் இறுகும். அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது. அழுத்தினேன். அடுத்த மேட்டில் எஞ்சின் திணறி ஏறியது. நான் இடப்பக்கம் குனிந்து சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி," என்றார் அவர், "நீங்க ரோட்டப் பாருங்க. என் கைலிய நான் பாத்துக்கிறேன்."

எதிரே மாட்டு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒதுங்கிக் கடந்தேன்.

கோத்தா திங்கியில் முடிவெட்டும் கடைமுன் நிறுத்தினேன். கடைக்காரர் வந்து தன் பத்திரிகையை எடுத்து, படிப்பதற்கு முன் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிறகு இறக்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கி ஒரு பக்கந்தான் தெரியுது," என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகச் சொன்னதுபோல இருந்தது.

ஏஜெண்ட் இறங்கிக் கைலியை உதறினார். முன்னால் பார்த்தார், ஓரத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தார். மிளகு அளவில் ஒரு கறை இருந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்தார், கறை பரவியது. நான் அவருடைய விரலையே பார்த்தேன்.

"இது என்மேல விழுந்துச்சு," என்றார். "பேப்பர்ல விழல."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு, திரும்பும்போது பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே மனைவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காய்ந்த பலகை. அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன். அப்படியென்றால் நாளைக்கு நாமா, பஸ்ஸா என்று கேட்டாள். அதை அவர் சொல்லவில்லை என்றேன். அவள் பால் வாங்கி வந்த மங்குக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்; அதை எடுத்து மூச்சுக்குழாயின் நுனிக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு சொட்டு விழுந்தது. அது விழ வேண்டிய இடம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏஜெண்ட் உள்ளே ஊதுவத்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கட்டுகள் வழக்கமான இடத்தில் வாசலில் இருந்தன. தூக்கிப் பெட்டியில் வைக்கும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதலாகப் பழுப்புத்தாள் வைத்துக் கட்டியிருந்தது. பெட்டியில் வைத்தால் சங்கிலியைப் பார்க்கும் பக்கம்.